ஒரு நட்டுகூட இடம் மாறக் கூடாது!

செவ்வாய்க்கிழமை காலை 5.20 மணி. மதுரை விளாங்குடியில் ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு. வாசலில் நிற்கும் வெள்ளை மாருதி 800-ன் முன் ஸீட்டில் அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் ஒயர் கூடை. அதற்குள் டயாலிசிஸ் நோட்டு, போர்வை, இட்லி டப்பா. 6 மணி ஷிஃப்ட்டுக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மகள் சாவியைத் திருகுகிறார். `டக்'. இன்னொரு முறை திருகுகிறார். மறுபடியும் `டக்'. அவ்வளவுதான், அதற்கு மேல் சத்தமே இல்லை.

``நேத்து சாயந்திரம் நல்லாத்தானப்பா ஓடுச்சு?''

திண்ணையில் நின்ற அப்பா துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். ``ராத்திரி பேட்டரியக் கழத்தி அந்த வண்டில மாட்டி ஒரு தடவ சுத்திப் பாத்தேம்மா. திரும்பக் கொண்டாந்து மாட்டிட்டேனே...''

`அந்த வண்டி' என்பது வேப்பமரத்தடியில், கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே நிற்கும் பிரீமியர் பத்மினி. 11 வருடங்களாக ஓடாத இன்ஜின். அதை ஸ்டார்ட் செய்ய முயன்று, நல்ல பேட்டரியின் சார்ஜ் முழுவதையும் இரவு 10 மணிக்கே கரைத்துவிட்டிருந்தார் அப்பா. மகள் எதுவும் பேசவில்லை. மெயின் ரோட்டுக்கு ஓடி ஓர் ஆட்டோ பிடித்து வந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது 6.40. அம்மாவுக்கான மெஷினில் அடுத்தவர் படுத்திருந்தார். வரிசை என்றால் வரிசைதானே. மதிய ஷிஃப்ட் வரை அம்மா ஒரு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

அன்று இரவு அந்த வீட்டில் ஒரு சட்டம் போடப்பட்டது. போட்டவர் மகள். ``யப்பா, நீங்க பத்மினிய என்ன வேணா பண்ணுங்க. ஆனா, இந்த வண்டில இருந்து அந்த வண்டிக்கு ஒரு நட்டுகூடப் போகக் கூடாது.''

பழைய காரை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஸ்பேனர் பிடிப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் வந்து நிற்கும் இடம் இதுதான். தினமும் ஓட வேண்டிய வண்டி ஒன்று. ஆசைக்காகக் கழற்றிப் போட்டிருக்கும் வண்டி இன்னொன்று. பலரிடம் இந்த இரண்டும் ஒரே வண்டியாக இருப்பதுதான் சிக்கல். `ஞாயிற்றுக்கிழமைதானே, கார்புரேட்டரைக் கொஞ்சம் கழற்றிப் பார்ப்போம்' என்று ஆரம்பிப்பார்கள். சாயந்திரம் ஒரு ஸ்பிரிங் மிஞ்சும். திங்கட்கிழமை பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் ஸ்கூலுக்குப் போவார்கள்.

இரண்டு கார் என்றதும் இதை வசதியான வீடு என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா ஒரு ஸ்பின்னிங் மில் அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். 27 வயது மகள் மெடிக்கல் ஷாப் ஒன்றில் பில்லிங்கில் இருக்கிறார். மாருதி, 1996 மாடல். 2009-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பத்மினி காசு கொடுத்து வாங்கியதே இல்லை. `இழுத்துட்டுப் போனா போதும்' என்று மைத்துனர் தந்தது.

மாருதி 800-ன் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட 30 வருடங்களில் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் அதிகமாக விற்றது. ஆனால், அந்தக் கார் இன்னும் ரோட்டில் இருப்பதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. 796 சிசி, மூன்று சிலிண்டர். பானெட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றிக் கை விட இடம் இருக்கிறது, ஓரமாகக் குனிந்து பார்த்தால் தரையே தெரியும். அதே 796 சிசி இன்ஜின் குடும்பம்தான் ஆம்னியிலும் ஆல்டோவிலும் தொடர்ந்தது. அதனால் ஸ்பேர் பார்ட்ஸுக்கு இன்னும் பெரிய பஞ்சம் வரவில்லை. புதிதாகக் கிடைக்காததற்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. கழற்றிய கதவு முதல் கண்ணாடி பிடிக்கும் கிளிப் வரை அங்கே மலை மலையாய்க் குவிந்து கிடக்கும்.

சட்டம் போட்ட கையோடு மகள் வாங்கியது இரண்டு பொருள்கள். ஒன்று, 80 பக்க நோட்டு. இன்னொன்று, சின்ன மல்டிமீட்டர். நோட்டின் முதல் பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், என்ன செய்தது, எவ்வளவு செலவு என நான்கு கோடுகள். `இதெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரியும்ல' என்று அப்பா சொல்லிப் பார்த்தார். மெக்கானிக்குக்கு நூறு வண்டி. இந்த வண்டிக்குக் கடைசியாக எப்போது ஃபேன் பெல்ட் மாற்றினோம் என்பதை அவர் எப்படி ஞாபகம் வைத்திருப்பார்?

மல்டிமீட்டர் அதைவிடப் பெரிய வேலை செய்தது. இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே போனால் அது காலியாகிவிட்டது என்று அர்த்தம். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குறை பேட்டரியில் இல்லை, ஆல்டர்னேட்டர் பக்கம். இந்த நான்கு எண்கள் தெரியாமல்தான் பலர் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். புதியதும் ஒரு வாரத்தில் படுத்துவிடும். அப்புறம் பேட்டரி கடைக்காரரோடு சண்டை.

அன்று காலை வந்த `டக்' சத்தமும் இதைத்தான் சொன்னது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சோலனாய்டை இழுக்கும் அளவுக்கு மட்டும் கரன்ட் இருக்கிறது, மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு இல்லை. டெர்மினல் லூஸாக இருந்தாலும், வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து, மாட்டிய பிறகு மேலே வாஸலின் தடவினால் பல மாதங்களுக்குக் கவலை இல்லை. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இது சாஸ்திரம் இல்லை. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் வெல்டிங் அடித்தது போலப் பொறி பறக்கும். நெகட்டிவை முன்பே கழற்றியிருந்தால் அந்த ஆபத்து இல்லை.

இப்போது அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை 20 நிமிடங்கள் 800-க்கு. கறிக்கடைக்குக் கிளம்பும் முன்னால் முடிந்துவிடும். இன்ஜின் ஆறியிருக்கும்போதே டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு ஆயில் பார்ப்பது. கூலன்ட் டப்பா, பிரேக் ஆயில் டப்பா இரண்டிலும் மட்டம் பார்ப்பது. ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களையும் கண்ணால் பார்ப்பது. காற்று, பெட்ரோல் போடும்போது. பிறகு வண்டி நின்ற இடத்துத் தரையைப் பார்ப்பது. மகள் சொல்வதில் அதிகம் பிடிபடுவது இந்தக் கடைசி வேலையில்தானாம். கறுப்புச் சொட்டு என்றால் இன்ஜின் ஆயில். பச்சையோ சிவப்போ பிசுபிசுவென்று இருந்தால் கூலன்ட். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக, தொட்டால் வழுவழுவென்று இருந்தால் பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டியை எடுக்கவே கூடாது. வெறும் தண்ணீர்ச் சொட்டு, அதுவும் ஏ.சி வண்டியின் கீழே என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இந்த வீட்டு வண்டியில் ஏ.சி இல்லை என்பதால் அந்தக் குழப்பமும் இல்லை.

ஆயில் மாற்றுவதை இருவரும் சேர்ந்து வீட்டிலேயே செய்கிறார்கள். ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் 3 லிட்டர். 5,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முன்னால் வருகிறதோ அது. வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு சம்ப் பிளக்கைக் கழற்றினால் அழுக்கும் சேர்ந்து வடியும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுகிற பழக்கத்தை மட்டும் மகள் முதல் தடவையே நிறுத்திவிட்டார். கேனில் பிடித்து மெக்கானிக் ஷெட்டில் கொடுத்துவிடுவது. அங்கே பழைய ஆயில் வாங்க ஆள் வருவார்கள்.

ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றிப் பார்ப்பது அப்பாவுக்குப் பிடித்த வேலை. அவர் அதை ஜோசியம் என்பார். முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் இன்ஜின் சௌக்கியம். கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது சூடு அதிகம். எண்ணெய் நனைந்திருந்தால் உள்ளே ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கிறது. இது நூற்றுக்கு நூறு பலிக்கும் ஜோசியம் இல்லைதான். ஆனால், மெக்கானிக்கிடம் `வண்டி ஒரு மாதிரி இருக்கு' என்று சொல்வதற்கும், `ரெண்டாவது பிளக் மட்டும் எண்ணெயா இருக்கு' என்று சொல்வதற்கும் பில்லிலேயே வித்தியாசம் தெரியும்.

மதுரை வெயிலில் பழைய காரைக் கொல்வது கிலோமீட்டர் இல்லை, சூடு. போன வருடம் மே மாதம் திருப்பரங்குன்றம் போகும் வழியில் சிக்னலில் நிற்கும்போது ஹீட் முள் மேலே ஏறியது. மகள் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டார். அருகில் நின்ற ஒருவர் உதவி செய்யும் ஆர்வத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். மகள் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது. சூடான ரேடியேட்டருக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கும். மூடி திறந்ததும் முகத்தில்தான் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆற விட வேண்டும்.

ஆறிய பிறகு பார்த்தால் கூலன்ட் குறையவில்லை. ஃபேன் சுற்றவில்லை. செல்லூரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு போன். அவர் போனிலேயே சொன்னார்: ``தங்கச்சி, ஃபேன் ஸ்விட்சுக்குப் போற கனெக்டரப் பிடுங்கு. ரெண்டு ஓட்டையையும் ஒரு ஒயர் துண்ட வச்சு சேத்துவிடு. இக்னிஷன் ஆன்ல இருக்கணும். கைய ஃபேனுக்குள்ள விட்றாத.'' சேர்த்தவுடன் ஃபேன் சுற்றியது. ஃபேன் மோட்டாரும் ஃபியூஸும் நல்லா இருக்கின்றன, சூட்டை உணர்ந்து ஆன் செய்ய வேண்டிய ஸ்விட்ச்தான் போய்விட்டது என்று அர்த்தம். ஒயரை அப்படியே விட்டு வீடு வரை ஓட்டி வந்தார். மறுநாள் புது ஸ்விட்ச். அன்று முள்ளைப் பார்க்காமல் இன்னும் 5 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட்டே கோணியிருந்தால் செலவு வண்டி விலையைத் தொட்டிருக்கும்.

இதோடு சேர்த்து இரண்டு பழக்கங்களைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவது. குடத்தின் உள்ளே வெள்ளையாக உப்புப் படிகிறதல்லவா, அதேதான் ரேடியேட்டரின் சன்னமான குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் ஒன்றும் ஆடம்பரம் இல்லை. இரண்டாவது, `நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குண்ணே' என்று கழற்றி வீசுவது. இப்படிச் செய்யும் மெக்கானிக்குகள் இன்னமும் இருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். அப்பா அதைக் கழற்றச் சொல்லி ஒரு காலத்தில் தானே கேட்டு வாங்கியவர். இப்போது அது மறுபடி இடத்துக்கு வந்துவிட்டது. நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் மகள் ஒரு ஸ்மைலி போட்டிருக்கிறார்.

எதை வீட்டில் செய்யக் கூடாது என்பதிலும் அந்த வீட்டில் கறார்தான். பிரேக் வேலை முழுக்க ஷெட்டுக்கு. மட்டம் பார்ப்பதும் கசிவு பார்ப்பதும் மட்டும் வீட்டில். பிரேக் ட்ரம்மைத் திறந்து, ஓட்டும்போது பிடிக்குமா பிடிக்காதா என்று அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு சோதிக்க முடியாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசியை வாயால் ஊதுவதும் கூடாது.

அடுத்தது ஜாக்கி. வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதில் தூக்கி நிறுத்திவிட்டுக் கீழே படுக்கிறவர்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பவர்களையும் பார்க்கலாம். செங்கல் வளையாது, திடீரென்று நொறுங்கும். சிறிய கார்தானே என்றாலும் மாருதி 600 கிலோவுக்கு மேல். இந்த வீட்டில் ஆயில் மாற்றுவதற்கென்றே இரண்டு இரும்பு ஸ்டாண்ட் வாங்கியிருக்கிறார்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்டாண்டில் உட்கார வைத்து, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே போவது. கூடவே, ஸ்டெப்னியைக் கழற்றிப் பாடியின் அடியில் படுக்க வைத்துவிடுகிறார்கள். ஸ்டாண்ட் வழுக்கினாலும் வண்டி அந்த டயர் மேல்தான் இறங்கும்.

கார்புரேட்டரும் கிட்டத்தட்ட இந்தப் பட்டியல்தான். கழுவுவதற்கு பெட்ரோலைக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்படி வாசலில் உட்காருகிறவர்கள் உண்டு. பெட்ரோல் ஆவி தரையோடு ஊர்ந்து போகும். பூஜை அறை விளக்கு அதற்குப் போதும். இன்னொரு விஷயம், அடைத்துக்கொண்ட ஜெட்டின் துளையில் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தக் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் மைலேஜ் போச்சு. அப்பா அப்படிக் குத்திய ஒரு ஜெட் இன்னும் ஷெல்ஃபில் ஞாபகார்த்தமாக இருக்கிறது.

இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. 2025-ல் நாடு 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வந்துவிட்டது. 1996-ல் வடிவமைத்த ரப்பர் குழாய்கள் அதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் கொஞ்சம் முன்னதாக மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகத்தின் விளக்கமே சொன்னது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்க்கில் அந்தத் தண்ணீர் அடியில் தங்கித் துருப் பிடிக்க வைக்கும். எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும். இதற்காக வண்டியை விற்றுவிட வேண்டியதில்லை. டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் ஹோஸ்களைத் தடவிப் பார்க்க வேண்டும். பிசுபிசுத்தாலோ, உப்பியிருந்தாலோ, வெடித்திருந்தாலோ எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்ற வேண்டும். மொத்தமாகச் சில அடிதான். பானெட்டுக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் `பழைய வண்டின்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. சூடான இன்ஜின் மேல் சொட்டும் பெட்ரோல் எந்த நேரமும் பற்றிக்கொள்ளும்.

சரி, இவ்வளவு மெனக்கெட்டு இந்தக் காரை வைத்திருக்கத்தான் வேண்டுமா? மகளே நோட்டை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். வருடத்துக்கு 104 நாள்கள். விடியற்காலை ஆட்டோ, போகவர 400 ரூபாய் என்றால் 41,600. கடந்த ஒரு வருடத்தில் 800-க்கு பெட்ரோல் நீங்கலாக ஆன செலவு 14,600. ஆஸ்பத்திரி போய்வர மட்டும் பெட்ரோல் சுமார் 10,000. மிச்சம் 17,000. ஞாயிற்றுக்கிழமைகளின் கூலியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் லாபம் எவ்வளவு நிற்கும் என்பது சந்தேகம்தான். ஆனால், டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வரும் அம்மாவுக்கு ஸீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்ள முடிகிறது. வழியில் வாந்தி வந்தால் நிறுத்த முடிகிறது. அதற்கு நோட்டில் கோடு போடவில்லை.

கணக்கு இறுகியது 2026-ல். 1996-ல் பதிவான வண்டிக்கு 15 வருடங்களுக்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி புதுப்பிக்க வேண்டும். 2021-ல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய கார்களுக்கு அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு மறுபடி திருத்தி, 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கியது. இதற்கு மேல் பசுமை வரி. காலக்கெடு தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். டெல்லியில் போல வயதைக் காரணம் காட்டி பெட்ரோல் வண்டியை ஓரங்கட்டும் தடை தமிழ்நாட்டில் இல்லை. தகுதியாக இருந்தால் புதுப்பிக்கலாம். ஆனால், தகுதியாக இருக்க வேண்டும். ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். காலாவதிக்கு 60 நாள்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை காத்திருப்பவர்கள்தான் புரோக்கரிடம் போய்ச் சிக்குகிறார்கள்.

டிரைவர் ஸீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கினால் தரைத் தகட்டில் உள்ளங்கை அளவு துரு. மழைக்காலத்தில் ஈரமான மேட் காயாமல் கிடந்ததன் விளைவு. டிங்கரிங், வெல்டிங், அடியில் பெயின்ட் எல்லாம் சேர்த்து 6,500 என்றார்கள். ஆக, கட்டணமும் வேலையும் மட்டுமே 16,500. அதே வாரம் பழைய கார் வியாபாரி ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டு 28,000 தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். அப்பா பத்மினியை விற்றுவிடலாம் என்றார். இரும்பு விலைக்குத்தான் போகும் என்றார் மகள். ஆட்டோவே பார்த்துக்கொள்ளலாம் என்றும் பேச்சு வந்தது. அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்: ``கட்டுனா எத்தன வருசத்துக்கு?''

``அஞ்சு வருசம்மா.''

``கட்டுங்க. அதுவும் ஓடட்டும், நானும் ஓடுறேன்.''

புகைப் பரிசோதனையில்தான் கொஞ்சம் திணறினார்கள். இந்த வயது பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். முதல் ரீடிங் தாண்டிவிட்டது. ஏர் ஃபில்டர் கறுத்துப் போயிருந்தது. அதை மாற்றி, செல்லூர் மெக்கானிக் கார்புரேட்டரின் மிக்ஸ்சர் ஸ்குரூவை மெல்ல மெல்லத் திருகி வைத்த பிறகு பாஸ். ``அண்ணே, இத நீங்க தொடவே கூடாது, சொல்லிட்டேன்'' என்று அப்பாவுக்கு ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. ஆர்.டி.ஓ ஆபீஸில் ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், பிரேக், சேஸிஸ் நம்பர் எல்லாம் பார்த்தார்கள். ஒரு நம்பர் பிளேட் பல்ப் எரியவில்லை. மகள் டேஷ்போர்டிலிருந்து ஸ்பேர் பல்ப்பை எடுத்து அங்கேயே மாட்டினார். நோட்டில் `ஸ்பேர் பல்ப் 2' என்று முன்பே எழுதி வாங்கி வைத்திருந்தது.

பத்மினி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாகப் பல தலைமுறைகளைச் சுமந்த அந்த மாடலுக்கு 2023 அக்டோபரோடு அந்த ஊர்த் தெருக்களிலேயே விடைகொடுத்துவிட்டார்கள். விளாங்குடி வேப்பமரத்தடியில் மட்டும் இன்னும் விடைகொடுக்கவில்லை. அப்பா அன்று இரவு செய்த பெரிய தவறு பேட்டரி எடுத்தது மட்டுமல்ல. 11 வருடங்களாக நின்ற இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்காமலே ஸ்டார்ட்டர் கொடுத்தது. சிலிண்டர் சுவரில் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், சாவியைத் திருகத் திருகப் பேட்டரிதான் சாகும். அல்லது உள்ளே ஏதாவது முறியும். இப்போது நான்கு பிளக்குகளையும் கழற்றி, துளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் விட்டு ஊறப் போட்டிருக்கிறார். தினமும் சாயந்திரம் முன்பக்க புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாக அழுத்திப் பார்ப்பார். முரட்டுத்தனமாக இல்லை, அசைகிறதா என்று மட்டும். ஒன்பதாவது நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார். அம்மாவுக்கு அளவாக அரை டம்ளர்தான்.

மகள் சம்பளத்தில் பத்மினிக்கென்று ஒரு பழைய பேட்டரி வந்திருக்கிறது. அதற்கும் தனி நோட்டு. 800-ன் டூல் பெட்டியில் இப்போது பூட்டு தொங்குகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தப் பூட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

``பாப்பா, பன்னெண்டு-பதிமூணு ஸ்பேனர் மட்டும் எடுத்துக்கிறட்டுமா? அது நட்டு இல்லையே.''

``எடுத்துக்கங்கப்பா. நோட்ல எழுதிட்டு எடுங்க. திங்கக்கிழம ராத்திரி எட்டு மணிக்குள்ள பெட்டிக்குள்ள இருக்கணும்.''